பழைய மாருதியின் டிரைவ் ஷாஃப்ட்: பூட் மட்டும் போதுமா, முழுசாக மாற்ற வேண்டுமா?

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக் கார்களுக்கு ஒரு தனி வியாதி உண்டு. வருஷத்தில் பத்து மாதம் கொட்டகையில் நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். கல்யாணம், பிள்ளையார் நோன்பு, வீட்டில் படைப்பு என்று ஏதாவது வந்தால் பேட்டரியை மாற்றி, டயருக்குக் காற்றடித்து, பள்ளத்தூருக்கும் காரைக்குடிக்கும் குன்றக்குடிக்கும் நாலு நாள் ஓயாமல் ஓட்டுவார்கள். ஐந்தாம் நாள் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைத் திருப்பும்போது முன் சக்கரத்திலிருந்து 'டக் டக் டக்' என்று சத்தம் வரும். மீட்டரைப் பார்த்தால் 50,000 கிலோமீட்டர்கூடத் தாண்டியிருக்காது.

கியர் பாக்ஸிலிருந்து முன் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட், பட்டறையில் அதை ஆக்ஸில் என்பார்கள். அதன் முனையில் இருக்கும் ஜாயிண்டிலிருந்துதான் பெரும்பாலும் இந்தச் சத்தம் வரும். இந்தச் சத்தத்தோடு பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஆக்ஸிலையே மாத்திடலாம் தம்பி, வேலை சீக்கிரம் முடியும்." வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் கழற்றி, துடைத்து, கண்ணால் பார்க்காமல் மாற்றாதீர்கள் என்பதுதான் என் கருத்து. நம் ஊர் வண்டிகளில் இரும்பு தேய்வதற்கு முன்னால் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், செத்துவிடுகிறது. கம்பெனியில் மாட்டி வந்த ஷாஃப்ட் நன்றாக இருந்தால், கடையில் மலிவாகக் கிடைக்கும் புது ஷாஃப்டைவிட அதைக் காப்பாற்றி வைப்பதே மேல். தேய்ந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும், கிரீஸ் போட்டு ஏமாற்றக் கூடாது. நான் கீழே சொல்வது அப்பச்சி வாங்கிய 1997 மாடல் மாருதி 800-ஐ வைத்து. ஸென், ஆல்டோ போன்ற மற்ற முன்சக்கர வண்டிகளுக்கும் வேலை ஏறக்குறைய இதேதான். அம்பாசடர், பத்மினி, ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் இன்ஜின் பின் சக்கரத்தைத்தான் சுற்றுகிறது, அங்கே இருப்பது கிராஸ் (கூட்டல் குறி வடிவ இரும்புத் துண்டு) வைத்த புரொப்பல்லர் ஷாஃப்ட்.

முதலில் அந்த ஜாயிண்ட் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. முன் சக்கரம் மேலும் கீழும் ஆடும், இடமும் வலமும் திரும்பும், அப்போதும் அதற்கு இன்ஜினின் சக்தி சீராகப் போய்ச் சேர வேண்டும். சாதாரண கிராஸ் ஜாயிண்டைச் சாய்த்து வைத்துச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும், ஸ்டீயரிங்கில் அது உதறலாகத் தெரியும். அதனால்தான் சக்கரத்துப் பக்கம் ஒரு கிண்ணம், அதற்குள் வளைந்த ஆறு பள்ளங்கள், ஆறு குண்டுகள், குண்டுகளைப் பிடித்து நிற்க ஒரு கேஜ். எந்தக் கோணத்தில் மடங்கினாலும் இரண்டு பக்கமும் ஒரே வேகம். 1920களில் ஃபோர்டில் இருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற இன்ஜினியர் கண்டுபிடித்தது இது. 1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி காருக்கு அப்புறம்தான் சின்னக் கார்களில் பரவியது. சக்கரத்துப் பக்கத்து இந்த ஜாயிண்டைத்தான் வெளி ஜாயிண்ட் என்கிறேன், கியர் பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்ட் வேறு வகை. அது அவ்வளவு மடங்காது, ஆனால் ஷாஃப்ட் உள்ளே வெளியே நகர இடம் கொடுக்கும். சில வண்டிகளில் அங்கேயும் குண்டு இருக்கும், சிலவற்றில் மூன்று ரோலர் இருக்கும்.

இரண்டையும் மூடியிருக்கும் மடிப்பு வைத்த ரப்பர்தான் பூட். ஜாயிண்டின் ஆயுள் முழுக்க இந்த ரப்பரின் கையில்தான் இருக்கிறது. வருஷக்கணக்கில் ஒரே நிலையில் நின்ற வண்டியில் மடிப்பின் அடிப்பகுதி வெடிக்கும். வண்டியை எடுத்து ஓட்டினால் அந்த வெடிப்பு வாய் பிளக்கும், சுற்றுகிற வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும், அந்த வழியாக நம் செம்மண் தூசி உள்ளே போகும். கிரீஸும் செம்மண்ணும் கலந்தால் சாணை பிடிக்கிற பசைதான். அப்புறம் சில நூறு கிலோமீட்டரிலேயே பள்ளங்களைத் தின்றுவிடும்.

ஒரு தடவை பூட் கிழிந்திருப்பதைப் பார்த்தும், நோன்பு முடியட்டும் என்று விட்டுவிட்டேன். தேவகோட்டையிலிருந்து திரும்பி வரும் வழியில் படாரென்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கிளட்சை விட்டால் வண்டி அசையவில்லை. பின் சீட்டில் என் அப்பத்தா. ஒரு பக்கத்து ஜாயிண்ட் உடைந்தால் வண்டி மொத்தமாக நின்றுவிடும், இன்னொரு பக்கம் நன்றாக இருக்கிறதே என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் இரண்டு முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு சக்தி முழுவதையும் தடையில்லாமல் சுற்றுகிற பக்கத்துக்கே அனுப்பிவிடும். அன்று இரவு அப்பத்தாளை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அதற்கப்புறம் பூட் விஷயத்தில் நான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடுவதில்லை.

சரி, நோய் எங்கே என்று பார்ப்போம். கண்மாய்க் கரைக்குப் பக்கத்தில் ஏதாவது பொட்டலுக்கு வண்டியைக் கொண்டுபோய், ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். கண்ணாடியை இறக்கி வையுங்கள், ஒருவர் வெளியே நின்று கேட்டால் இன்னும் நல்லது. அப்புறம் வலப்பக்கம் ஒடித்து இன்னொரு வட்டம். இடது பக்கம் ஒடிக்கும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது சக்கரத்து ஜாயிண்ட், வலது பக்கம் ஒடிக்கும்போது கூடினால் இடது. நேர் ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வண்டி உதறி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் உள்பக்கத்து ஜாயிண்டைச் சந்தேகப்படுங்கள். மிதித்து விடும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் 'டங்'கென்று ஒரு இடி கேட்டால் அதே ஜாயிண்டாக இருக்கலாம், இன்ஜின் மவுண்டாகவும் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். ஓடும்போது விடாமல் 'உம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் என்றால் அது பெரும்பாலும் வீல் பேரிங், ஷாஃப்டின் மேல் பழி போடாதீர்கள். வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சத்தம் வருகிறதா, அப்படியானால் ஸ்ட்ரட்டின் (சக்கரத்துக்கு மேல் நிற்கும் ஸ்பிரிங் வைத்த தூண்) மேல் மவுண்டையோ, கீழ் ஆர்மின் முனையில் இருக்கும் பால் ஜாயிண்டையோ பார்க்க வேண்டும்.

பூட்டைப் பார்க்க வண்டியைத் தூக்கக்கூட வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கரத்துக்குப் பின்னால் கை போகும். மடிப்பை ஒவ்வொன்றாக விரலால் விரித்துப் பாருங்கள், மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், மடிப்புக்குள்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் சிதறியிருந்தால் பூட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சாமான் வாங்குவதில் ஒரு விஷயம். பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஷாஃப்ட் முனையைச் சுற்றி நீளவாக்கில் வெட்டிய ஸ்பிளைன் பல் எத்தனை, நீளம் எவ்வளவு, இடதா வலதா என்பதெல்லாம் மாடல் வருஷத்துக்கு வருஷம் மாறும், இடது வலது ஷாஃப்டுகள் ஒரே நீளமும் இல்லை. காரைக்குடியில் கிடைக்காவிட்டால் மதுரை அல்லது திருச்சி. எதுவானாலும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், அவ்வளவு தூரம் போய்த் தப்பான சாமானோடு திரும்பி வருவது கொடுமை. பூட் கிட் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஜாயிண்டோ ஷாஃப்டோ என்றால் ஆயிரக்கணக்கு. கிட்டில் ரப்பர், இரண்டு கிளாம்ப், சர்க்ளிப் (ஷாஃப்ட் கழன்று வராமல் பிடிக்கும் கம்பி வளையம்), கிரீஸ் பொட்டலம் நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். ரப்பரை இரண்டாக மடக்கினால் வெள்ளைக் கோடு விழுந்தால் அது வேண்டாம். கூடவே கியர் பாக்ஸ் பக்கத்து ஆயில் சீல், ஸ்பிளிட் பின், ஜிஎல்-4 என்று போட்ட 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஆகியவற்றையும் வாங்கிவிடுங்கள்.

எங்கே வைத்து வேலை செய்வது என்பதும் முக்கியம். முகப்பிலோ, ஆத்தங்குடிக் கல் பாவிய இடத்திலோ தயவுசெய்து வேண்டாம். அது சிமெண்டும் மணலும் வண்ணமும் கலந்து கையால் வார்த்த கல், எண்ணெயை உறிஞ்சிவிடும், கியர் ஆயில் கறை விழுந்தால் அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பின்கட்டுக் கொட்டகைதான் சரி. தரை செம்மண்ணாக இருந்தால் ஜாக்கியின் அடியில் கனமான பலகையோ கருங்கல்லோ போடுங்கள், மழை பெய்து காய்ந்த மாதிரி மேலே தெரியும், பாரம் ஏறியதும் ஜாக்கி சாய்ந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை நீட்டவே கூடாது, ஸ்டாண்டு வையுங்கள். செங்கல்லை அடுக்கி வைப்பது ஸ்டாண்டு ஆகாது, அது நொறுங்கும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே, நடுவில் இருக்கும் பெரிய ஹப் நட்டைத் தளர்த்த வேண்டும். ஸ்பிளிட் பின் இருந்தால் நேராக்கி உருவுங்கள், பின் இல்லாமல் நட்டின் விளிம்பைத் தட்டி மடக்கியிருந்தால் மழுங்கிய உளியால் அந்த மடிப்பை நிமிர்த்துங்கள், அந்த நட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, பாக்ஸ் ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி அழுத்தினால் விடும். பல வருஷம் துருப்பிடித்தது என்றால் முந்தின நாள் ராத்திரியே துரு விடும் எண்ணெயை அடித்து வையுங்கள். ஹப் நட்டை முழுக்கக் கழற்றிய பிறகு வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தியோ உருட்டியோ வைக்காதீர்கள், வீல் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த நட்டுதான்.

அப்புறம் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, கியர் ஆயிலை வடியுங்கள். வடிப்பதற்கு முன்னால் ஆயில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுவது என் பழக்கம், அது கழலாமல் போனால் ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். அடுத்து ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டை ராடின் முனையைக் கழற்றி, கீழ் ஆர்மின் பால் ஜாயிண்டை நக்கிளிலிருந்து (ஹப்பைத் தாங்கும் இரும்புக் கட்டை) விடுவிக்க வேண்டும். பால் ஜாயிண்ட் மிரட்டினால் ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றலாம், ஆனால் கழற்றும் முன் அவை இருந்த இடத்தைப் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸில் பாரம் தொங்காமல் நக்கிளை ஒரு கம்பியால் கட்டித் தாங்குங்கள்.

இப்போது ஷாஃப்டின் முனையை ஹப்பிலிருந்து, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியிலிருந்து, தள்ள வேண்டும். மரை மேல் சுத்தியலால் நேராக அடித்தால் ஷாஃப்ட் போச்சு. பழைய நட்டை முனை மட்டத்துக்குத் திருகி வைத்து, மேலே ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள், அதற்கும் மசியாவிட்டால் புல்லர் போடுங்கள். கியர் பாக்ஸ் பக்கம் வந்தால் ஷாஃப்டைப் பிடித்து வெளியே இழுக்கவே கூடாது, உள் ஜாயிண்ட் பிரிந்து கையோடு வந்துவிடும். ஜாயிண்டின் கிண்ணத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் தட்டையான லிவரை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் சர்க்ளிப் விடுபட்டு 'டக்'கென்று வரும். சீலில் லிவர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வேலை இருந்தால் ஒரு பக்கத்தை மாட்டி முடித்துவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள், சில கியர் பாக்ஸ்களில் இரண்டையும் சேர்த்து உருவினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் இடம் மாறிவிடும்.

இனிமேல்தான் தீர்ப்பு. பழைய பூட்டை அறுத்துப் போடும் முன், உள்ளே இருக்கும் கிரீஸைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேயுங்கள். வழவழவென்று கறுப்பாக இருந்தால் நல்ல செய்தி. நறநறவென்றால் மண், வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது வெள்ளியாக மின்னினால் இரும்பு உதிர்ந்திருக்கிறது. ஜாயிண்டை மண்ணெண்ணெயில் நன்றாக அலசி, முழுக்கக் காயவிடுங்கள். புது பூட்டில் மட்டும் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ படக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். வெளி ஜாயிண்டின் குண்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை, எல்லாப் பக்கமும் முழுக்க மடக்கி மடக்கி, ஒவ்வொரு பள்ளத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். குண்டு ஓடிய இடத்தில் பளபளப்பான தடம் இருப்பது இயல்பு. அந்தத் தடத்தில் நகத்தை வைத்து இழுக்கும்போது நகம் ஒரு குழியில் மாட்டினால் ஜாயிண்ட் முடிந்தது. கேஜின் ஜன்னலில் குண்டு லொடலொடவென்று ஆடினாலும், குண்டு நீலம் பாய்ந்திருந்தாலும், கேஜில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தாலும் அதே முடிவு. எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்வார்: "சத்தம் வந்ததுக்கப்புறம் கிரீஸ் வச்சா சத்தம்தான் கொறையும், தேய்மானம் கொறையாது." முழுக்க உண்மை.

ஆக, இரும்பு நன்றாக இருந்தால் பூட், கிரீஸ், கிளாம்ப் மட்டும் போதும். வெளி ஜாயிண்ட் மட்டும் குழி விழுந்திருந்து தண்டும் உள் ஜாயிண்டும் சுத்தமாக இருந்தால் வெளி ஜாயிண்டை மட்டும் வாங்கி மாட்டலாம். இரண்டு ஜாயிண்டும் போயிருந்தாலோ, ஸ்பிளைன் பல் தேய்ந்திருந்தாலோ, சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ முழு ஷாஃப்ட்தான். இடது வலது வெளி ஜாயிண்டுகளை மாற்றிப் போட்டு ஓட்டும் வழக்கமும் உண்டு. பள்ளத்தின் தேயாத பக்கத்தில் பாரம் விழுவதால் கொஞ்ச நாள் சத்தம் அடங்கும். வண்டியை விற்கப் போகிறவர் செய்யும் வேலை அது, வீட்டு ஆட்களை ஏற்றிப் போகிற வண்டியில் நான் செய்ய மாட்டேன்.

பூட் மாற்றும்போது வெளி ஜாயிண்ட் தட்டினால் கழலும் என்று பலர் அடித்து நொறுக்குகிறார்கள். சில ஷாஃப்டில் கழலும், சிலவற்றில் கழலாது. ஒன்றிரண்டு தட்டில் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உள் ஜாயிண்டைக் கழற்றி, இரண்டு பூட்டையும் அந்தப் பக்கமாக உருவி மாட்டுவதுதான் பாதுகாப்பான வழி. உள் கிண்ணத்தை உருவும் முன் கிண்ணத்திலும் தண்டிலும் நேருக்கு நேர் பெயிண்ட் புள்ளி வையுங்கள். மூன்று ரோலர் உள்ள வகையானால் ரோலர்கள் உதிராமல் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு, சர்க்ளிப்பை எடுத்து உருவுங்கள்.

புது பூட்டைச் செருகும் முன் ஸ்பிளைன் பல்லின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பல் புது ரப்பரின் வாயைக் கீறிவிடும். கிளாம்பையும் பூட்டோடு சேர்த்தே மாட்டிவிடுங்கள். கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனமும் வேண்டாம், கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பதும் வேண்டாம். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ்தான் வெளி ஜாயிண்டுக்கு. வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இந்த அழுத்தத்துக்குத் தாங்காது. பொட்டலத்தில் பெரும்பகுதியைக் குண்டுகளுக்கு நடுவில் விரலால் அழுத்தி ஏற்றி, மீதியைப் பூட்டுக்குள் விடுங்கள். உள் ஜாயிண்டுக்குத் தனிப் பொட்டலம் கொடுத்திருந்தால் இரண்டையும் மாற்றிவிடாதீர்கள். பூட்டின் சின்ன வாயைத் தண்டின் பள்ளத்தில் உட்கார வைத்து, மழுங்கிய ஸ்க்ரூடிரைவரை ஒரு நொடி உள்ளே செருகி எடுத்தால் அடைபட்ட காற்று போய்விடும். அதன் பிறகு மடிப்பு முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா பார்த்து, கிளாம்பை இறுக்குங்கள். பட்டை கிளாம்பானால், வண்டி முன்னால் போகும்போது சுற்றும் திசைக்கு எதிராக வாலை மடக்க வேண்டும். பிளாஸ்டிக் டையோ கட்டுக்கம்பியோ கட்டினால் வேகத்தில் தளரும், ரப்பரை அறுக்கும்.

மாட்டுவது கழற்றியதன் மறுபக்கம்தான், மூன்று இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். பழைய சீலை எடுத்துவிட்டுப் புதியதை நேராகத் தட்டி உட்கார வைத்து, உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், ஷாஃப்டை உள்ளே விடும்போது பல் அந்த உதட்டைக் கிழிக்காமல் நேராகத் தாங்கிப் பிடியுங்கள். முனையில் புது சர்க்ளிப் போட்டு, கிண்ணத்தைப் பிடித்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். உட்கார்ந்த பிறகு அதே கிண்ணத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. கடைசியாக ஹப் நட். சின்ன வண்டிகளில் அதன் முறுக்கு பெரும்பாலும் 150 முதல் 200 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கான எண்ணை மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் இந்த ஒரு நட்டுக்காகவாவது யாரிடமாவது இரவல் வாங்குங்கள். குறைந்தால் பேரிங் ஆடும், மிஞ்சினால் மரை போகும். புது ஸ்பிளிட் பின் போட்டு மடக்க வேண்டும், அல்லது புது நட்டின் விளிம்பைத் தட்டி மடக்க வேண்டும்.

வண்டியைச் சமமாக நிறுத்தி, லெவல் ஓட்டையில் வழியும் வரை கியர் ஆயில் ஊற்றுங்கள். அப்புறம் அதே பொட்டலுக்குப் போய் அதே இரண்டு வட்டம், கொஞ்ச தூரம் நேர் ரோட்டில் மிதித்து விட்டு ஒரு ஓட்டம். திரும்பி வந்ததும் சீல் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா, கிளாம்ப் ஓரத்தில் கிரீஸ் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை. டை ராடையோ ஸ்ட்ரட் போல்ட்டையோ தொட்டிருந்தால் வீல் அலைன்மெண்டும் பார்த்துவிடுங்கள்.

வண்டி மறுபடியும் கொட்டகைக்குத்தான் போகப்போகிறது என்றால், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இரண்டு வேலை சொல்லிவிட்டுப் போங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்படி நிறுத்த வேண்டும், ஒடித்த நிலையில் மாதக்கணக்கில் நின்றால் பூட்டின் ஒரு பக்க மடிப்பு இழுபட்டபடியே காய்ந்து வெடிக்கும். மாதம் ஒரு தடவை வண்டியை எடுத்து இரண்டு தெரு சுற்றி வந்து, திரும்ப நேராகவே நிறுத்த வேண்டும். எங்கள் வண்டிக்கு இதைச் செய்கிறவர் ஒவ்வொரு தடவையும் முன் சக்கரத்துப் பூட்டை போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிடுகிறார், சென்னையில் இருந்தபடியே மடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.